ஒன்று ஐந்தான தேதி

சித்தி பல் மருத்துவமனையில் வரவேற்பாளர். தன்னிடமுள்ள ஒரே நிறுவனப் பங்கின் பங்குச் சந்தை முடியும் நேரத்து விலையைத் தினமும் பதினோரு வருடமாக நோட்டில் எழுதிவருகிறாள். அதில் தொள்ளாயிரம் என்றிருந்த ஒரு பழைய நாளுக்குச் சித்தப்பாவின் கணினி நூற்றெண்பது என்றது.

"கம்ப்யூட்டரா பொய் சொல்லும்? நீதான் கண்ணாடிய மாத்தணும். பேசாம இந்த நோட்ட எடைக்குப் போட்டுடு," என்று சிரித்தார் சித்தப்பா.

சித்தி பக்கங்களைப் புரட்டினாள். பிந்தைய ஒரு தேதியின் ஓரத்தில், 'இன்று முதல் ஒரு பங்கு ஐந்தாகிறது' என்று எழுதியிருந்தாள்.

"அன்னிக்குக் கம்பெனி ஒவ்வொரு பங்கையும் அஞ்சாப் பிரிச்சுது, ஒண்ணு அஞ்சாச்சுங்க. அதனால அதுக்கு முந்தின விலையெல்லாம் கம்ப்யூட்டர் அஞ்சால வகுத்துக் காட்டுது. நான் அன்னன்னிக்குப் போன விலைய எழுதினேன். ரெண்டும் சரிதான்."

சித்தப்பா கால்குலேட்டரில் வகுத்துப் பார்த்தார். பிறகு, இன்றைய விலையை எழுதியாயிற்றா என்று கேட்டார்.