நாலு பெட்டி அட்டையும் நானும்

மற்ற வேலைகளில் முன்னால் இருந்தவர் நாற்காலியை மட்டும்தான் விட்டுவிட்டுப் போவார்; கம்ப்யூட்டர் வேலையில் தன் மூளையில் பாதியையும் விட்டுப் போவார், எது எங்கே என்று சொல்லாமல். அடுத்தவர் எழுதிய புரோகிராமைத் தலையில் கட்டிக்கொண்டு தவித்த அன்பர்களே, இது உங்களுக்காக.

மீட்டிங்கில் விட்ட வாய்

திருச்சிக்கு வெளியே ஒரு பெரிய தொழிற்சாலை. அங்கே கம்ப்யூட்டர் பிரிவில் எனக்கு உத்தியோகம். ஸ்டோரில் எந்தச் சாமான் எங்கே இருக்கிறது, யாருக்கு எப்போது கொடுப்பது என்று சொல்லும் புரோகிராம் எழுபத்து மூன்றில் எழுதியது. வரிக்கு ஓர் அட்டை வீதம் துளை போட்டு, நாலு பெட்டி. எழுதியவர் வெளிநாடு போய்விட்டார்.

எண்பத்தைந்தில் புது மெஷின் வந்தது. பழைய புரோகிராமைக் கடாசிவிட்டு ரெடிமேடாக ஒன்று தருவதாக மெட்ராஸ் கம்பெனி சொன்னது. பன்னிரண்டு வருஷத்து ஸ்டோர் அனுபவம் அந்த அட்டைகளில் இருக்கிறது, தூக்கிப் போடக்கூடாது என்று நான் மீட்டிங்கில் பிடிவாதம் பிடித்தேன். மேனேஜர் ஆரோக்கியசாமி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நவம்பர் கடைசிக்குள்ள புது மெஷின்ல ஓட வைங்க வைதேகி. இல்லேன்னா நாலு பெட்டியும் பழைய பேப்பர்காரனுக்கு."

கூடம் முழுக்கக் காகிதம்

ஆபீஸ் நேரம் போதவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீரங்கத்து வீட்டுக் கூடத்தில் பிரிண்ட் அவுட்டை வாசலிலிருந்து அடுக்களை வரை விரித்துப் போட்டு, எந்த வரி எங்கே தாவுகிறது என்று சிவப்புப் பென்சிலால் கோடு போட்டேன். என் மாமியார் வெள்ளிச் சொம்பும் கையுமாக ஓரத்தில் வெகுநேரம் நின்றார். எழுத்துள்ள காகிதத்தை அவர் மிதிக்கமாட்டார்.

"ஏண்டிம்மா, உன் கம்பெனி ஒரு பக்கம் நகர்ந்துண்டா, பெருமாளுக்குத் தளிகை பண்ணப் போவேன்."

வெட்டிய வரிகள்

ஓரிடத்தில் பதினோரு வரி. வருஷத்துக்கு ஒருமுறை ஒரு தேதி அட்டையைப் படித்து, அந்தத் தேதிக்குக் கருவி எதுவும் கொடுக்காமல் நிறுத்தி வைக்கிறது. ஏன் என்று ஒரு குறிப்பும் இல்லை. வேண்டாத வேலை என்று வெட்டினேன். வெட்டியபோது எனக்கு ஒரே சந்தோஷம்.

ஆயுத பூஜை வந்தது. புது மெஷினில் சோதனை ஓட்டம். ஸ்பானர், டிரில், சுத்தியல் கொடுக்கச் சொல்லிக் காலை ஷிஃப்டுக்கு நூற்றுக்கணக்கில் சீட்டு அடித்துத் தள்ளியது. ஸ்டோர் கீப்பர் நாகராஜன் எல்லாவற்றையும் கழுவி, சந்தனம் குங்குமம் வைத்து அடுக்கியிருந்தார். அன்று அவற்றை யாரும் தொடமாட்டார்கள். சீட்டுக் கட்டைக் கையோடு கொண்டுவந்து என் மேஜையில் வைத்தார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

"இன்னிக்கு அதுங்களுக்கு லீவுங்க மேடம். பழைய கம்ப்யூட்டருக்கே தெரியும்."

அன்றிலிருந்து காரணம் தெரியாமல் ஒரு வரியையும் வெட்டுவதில்லை என்று முடிவு செய்தேன். தினமும் மத்தியானம் நோட்டும் கையுமாக ஸ்டோருக்குப் போய், 'இது எதுக்கு, இது எதுக்கு' என்று நாகராஜனைப் பிய்த்தெடுத்தேன்.

டை கட்டிய டெமோ

மெட்ராஸ் கம்பெனி ஆள் வந்தார். பளபளவென்ற திரை. எனக்கே ஆசையாகத்தான் இருந்தது. நாகராஜன் ஒரு வால்வின் நம்பரைச் சொன்னார். அப்படி ஒரு சாமானே இல்லை என்றது திரை. விஷயம் இதுதான்: டிராயிங் மாறியபோது சாமான்களுக்குப் புது நம்பர் போட்டிருந்தார்கள், பட்டறையில் எல்லோரும் இன்னும் பழைய நம்பரைத்தான் சொல்வார்கள். பழைய புரோகிராமுக்கு இரண்டும் தெரியும். இனிமேல் புது நம்பரையே சொல்லப் பழக்குங்கள் என்றார் டை கட்டியவர்.

நாகராஜன் பணிவாகத்தான் கேட்டார்: "நாலாயிரம் பேர் வாயை மாத்தறது சுலபமா சார், உங்க பெட்டியை மாத்தறது சுலபமா?"

நவம்பர் கடைசி

மூன்றில் இரண்டு பங்கைத் திரும்ப எழுதினேன். நாகராஜன் காரணம் சொன்ன வரிகளை அப்படியே காப்பாற்றினேன். கடைசி வாரம் பழைய மெஷினிலும் புது மெஷினிலும் ஒரே நாள் வேலையை ஓட்டினோம். இரண்டு கட்டுச் சீட்டும் ஒத்துப்போயின. மெட்ராஸ் கம்பெனிக்கு 'வேண்டாம்' என்று கடிதம் போனது. அழுகையே வந்துவிட்டது எனக்கு.

ஆரோக்கியசாமி என் புரோகிராமின் புது லிஸ்டிங்கைப் புரட்டிக்கொண்டே வந்து, நான் செப்டம்பரில் சேர்த்த ஒரு வரியில் விரலை வைத்து, இது எதற்கு என்றார். பார்த்தேன். யோசித்தேன். சத்தியமாக ஞாபகம் வரவில்லை. அவர் லிஸ்டிங்கை மூடி என்னிடமே கொடுத்தார்.

"பரவாயில்ல வைதேகி, இதுவும் பழைய புரோகிராம் ஆயிடுச்சு."

பழையதைச் செப்பனிடுவதா, புதிதாக வாங்குவதா என்று யார் கேட்டாலும், அடுத்தவர் எழுதியதைப் பொறுமையாகப் படிக்கத் தெரிந்தால் போதும் என்பேன், அந்த அடுத்தவர் பாதி நேரம் நாமேதான் என்பதையும் சேர்த்து.