முதுகு இல்லாத யானை

இருதயமேரி டீச்சர் இறந்த செய்தி ஆசிரியர்களின் வாட்ஸப் குழுவில்தான் எனக்கு வந்தது. பல் துலக்கிக்கொண்டே பார்த்தேன். கீழே கும்பிடும் கைகள் வரிசையாக விழுந்துகொண்டிருந்தன. "பொறுமையின் மறுவடிவம்" என்று எழுதியிருந்தார் ஒருவர். டீச்சர் ஒரு நாளும் பொறுமையாக இருந்ததில்லை. அவரோடு பழகிய எல்லாருக்கும் அது தெரியும். கும்பிட்டவர்களில் பலர் ஒரு காலத்தில் அவர்மீது புகார் எழுதிக் கையெழுத்துப் போட்டவர்கள்.

அந்தப் புகாருக்குக் காரணமான நாளில் நானும் கூட இருந்தேன்.

சிறுவாச்சூர் பக்கத்தில் ஒரு தொடக்கப் பள்ளியில் இருவரும் வேலை பார்த்தோம். அரியலூர் சாலையில் புதிதாகத் திறந்த சிற்பப் பூங்காவுக்கு ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை அழைத்துப் போவதாக ஏற்பாடு. அந்த வகுப்பில் வெண்ணிலாவுக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. "அந்தப் புள்ளைய எதுக்கு டீச்சர், பாவம்" என்று இழுத்தார் தலைமையாசிரியர்.

"பாவத்தை நீங்களே வச்சுக்கங்க சார். அவளுக்கு ஜன்னல் சீட்டு" என்றார் டீச்சர்.

பூங்காவில் நல்ல கருங்கல்லைக் கெடுத்து வைத்திருந்தார்கள். தொடாதே, உட்காராதே, புல்லை மிதிக்காதே என்று சிலைகளைவிடப் பலகைகள் அதிகம். நிழலுக்கு ஒரு மரம் இல்லை. அன்றைக்கு யாரோ ஓர் அதிகாரி வருகிறாராம். எங்கள் பிள்ளைகளை வெயிலில் நிறுத்திக் கையில் ரோஜா இதழ்களைக் கொடுத்தார்கள். அவர் வந்து சேர்வதற்குள் இதழ்கள் உள்ளங்கையில் பிசுபிசுத்துப்போயின. வந்தவர் யானைச் சிலைக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார். யானையை அவர் பார்க்கவே இல்லை, கேமராவைத்தான் பார்த்தார்.

டீச்சர் வெண்ணிலாவின் கையைப் பிடித்துத் தும்பிக்கைமேல் வைத்தார். காவலாளி ஓடிவந்தார். "தொடக் கூடாதுங்க."

அதிகாரி சிரித்தார். "கண்ணு தெரியாத புள்ளைய எதுக்கும்மா சிலை பாக்கக் கூட்டியாந்தீங்க?" கூட வந்தவர்களும் சிரித்துவைத்தார்கள்.

"உங்களுக்குத்தான் கண்ணு தெரியுதே சார், நீங்க என்ன பாத்தீங்க?"

சிரிப்பு நின்றது. வெண்ணிலா அதையெல்லாம் கவனிக்காமல் தந்தம், காது, கால் என்று தடவிக்கொண்டே பின்பக்கம் போனாள்.

"டீச்சர், யானைக்கு முதுகே இல்ல. இங்க வெறும் கல்லுதான் இருக்கு."

போய்ப் பார்த்தோம். உண்மைதான். படத்தில் விழும் பக்கத்தை மட்டும் செதுக்கிவிட்டு, மறுபக்கத்தைக் குவாரியிலிருந்து வந்தபடியே விட்டிருந்தார்கள். பிள்ளைகள் ஒவ்வொரு சிலையின் பின்னாலும் ஓடி, "இதுக்கும் இல்ல!" என்று கத்தினார்கள். அதிகாரி காரில் ஏறிவிட்டார்.

பஸ்ஸில் திரும்பும்போது, "கொஞ்சம் நயமாச் சொல்லியிருக்கலாம் டீச்சர்" என்றேன்.

"நீங்க நல்லவரு சார். அதனாலதான் ஒண்ணுத்துக்கும் உதவ மாட்டேங்கிறீங்க."

சுருக்கென்றது. யாரிடமும் அப்படித்தான் பேசுவார்.

அடுத்த வாரமே, பிள்ளைகளைத் தூண்டிவிட்டு விருந்தினரை அவமதித்ததாகப் புகார் போனது. பூங்காவுக்கு வராதவர்களும் கையெழுத்திட்டிருந்தார்கள். டீச்சரை உடையார்பாளையம் பக்கம் மாற்றினார்கள். அந்தப் பூங்காவை அமைத்து, பாதிச் சிலைக்கு முழு விருது வாங்கிய ஒப்பந்தக்காரரை யாரும் எதுவும் கேட்கவில்லை.

மறு வருடம் புதிய பள்ளிப் பிள்ளைகளை அதே பூங்காவுக்கு அழைத்துப் போய்விட்டு எனக்குப் போன் செய்தார். "செதுக்கத் துப்பில்ல சார். பின்னாடி குரோட்டன்ஸ் செடி வச்சு மறைச்சுட்டானுவ. புள்ளைங்க செடிக்குள்ள பூந்துட்டாங்க!" அவர் அவ்வளவு சிரித்து நான் கேட்டதில்லை.

பெரம்பலூரில் நடந்த இரங்கல் கூட்டத்துக்குப் போயிருந்தேன். பேனரில் டீச்சரைவிட அதை வைத்தவர்களின் முகங்கள் பெரிதாக இருந்தன. புகாரை எழுதியவரே டீச்சரின் கனிவைப் பற்றி முதலில் பேசினார். வெண்ணிலா இப்போது திருச்சியில் கல்லூரியில் படிக்கிறாள். தனியாக பஸ் பிடித்து வந்திருந்தாள். இரண்டு வார்த்தை பேசவா என்று கேட்டாள். "நேரமில்லம்மா" என்றார்கள். நான் அவளை வெளியே டீக்கடைக்கு அழைத்துப் போனேன்.

"என்னம்மா பேசலாம்னு இருந்தே?"

"எனக்குன்னு டீச்சர் ஒரு நாளும் குரலைத் தாழ்த்தினதில்ல சார். மத்த புள்ளைங்களத் திட்டுற மாதிரியேதான் என்னையும் திட்டுவாங்க. வேற யாரும் அப்படித் திட்டினதில்ல."

கனிவு, பொறுமை, தியாகம் எல்லாவற்றையும் மேடையில் இருந்தவர்களே எடுத்துக்கொள்ளட்டும். எனக்கு அந்தத் திட்டு போதும்.