லிஃப்ட் இல்லாத வீட்டுக்கு ஓர் ஒத்திகை

வயது ஏற ஏற மனிதர்கள் மாடியிலிருந்து கீழே இறங்குவதுதான் எல்லா ஊரையும் போலத் திருவண்ணாமலையிலும் வழக்கம். மகனுக்குக் கல்யாணமானால் அவன் மேலே போவான். பெற்றவர்கள் கீழே வருவார்கள். காரணம் கேட்டால் முழங்காலைக் காட்டுவார்கள். சந்திரகலாவுக்கும் முழங்கால் இருந்தது. இடது காலில் நீல நிற உறை மாட்டியிருந்தாள். அந்த உறையோடுதான், அறுபத்திரண்டாவது வயதில், லிஃப்ட் இல்லாத கட்டடம் ஒன்றின் மூன்றாம் மாடிக்குத் தனியாகக் குடிபோகிறேன் என்று அறிவித்தாள். வீட்டாருக்கு அது வீடு மாற்றமாகப் படவில்லை, கலகமாகப் பட்டது. அவர்கள் நினைத்தது சரிதான்.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் இருந்தது செங்கம் சாலையில், கிரிவலப் பாதையை ஒட்டிய தரைவீட்டில். பகலில் சத்துணவு மையத்தில் பிள்ளைகளுக்குச் சோறு போட்டாள். பௌர்ணமி வந்தால் ஊர் உலகத்துக்கே வீட்டு வாசலில் பணி செய்தாள். கேட்டுச் செய்ததில்லை; தரைவீட்டுக்காரர்களிடம் யாரும் கேட்பதில்லை, நேராகக் கதவைத் தட்டுவார்கள். தண்ணீர் வேண்டும். பாத்ரூம் எங்கே. செல்போனுக்குக் கொஞ்சம் சார்ஜ் போட்டுக்கொள்ளலாமா. குழந்தைக்குப் பால் காய்ச்ச வேண்டும். எல்லாவற்றையும்விடப் பெரிது செருப்பு. வெறுங்காலோடு மலையைச் சுற்ற வருகிறவர்கள் செருப்பை அவள் வாசலில் கழற்றி, "பாத்துக்கங்கக்கா" என்று புண்ணியம் தேடப் போய்விடுவார்கள். அவள் பார்த்துக்கொண்டாள். விடியற்காலையில் திரும்பி வந்து, இது என் செருப்பு இல்லை, என்னுடையது புதுசு என்று சண்டை போட்டவர்களையும் பார்த்துக்கொண்டாள். முப்பது வருஷத்துக்கு மேல் கிரிவலப் பாதையில் வாழ்ந்தும் ஒரு பௌர்ணமிக்குக்கூட அவள் கிரிவலம் போனதில்லை. செருப்பை யார் பார்ப்பது?

கணவர் போன பிறகு அவருடைய அண்ணன் தம்பிகள் அந்த வீட்டை விற்றுப் பங்கு பிரித்தார்கள். வாங்கியவர் இடித்துவிட்டுத் தங்கும் விடுதி கட்ட ஆரம்பித்தார். அந்தச் சாலை விடுதிகளில் மலை தெரிகிற மாடியறைக்குத்தான் வாடகை ஜாஸ்தி. தியானம் பண்ண வரும் வெள்ளைக்காரப் பெண்கள், சந்திரகலாவைவிட மூத்தவர்கள், பையை முதுகில் மாட்டிக்கொண்டு மூன்று மாடி ஏறுவார்கள். அவர்களிடம் யாரும் முழங்காலைப் பற்றி விசாரிப்பதில்லை என்பதை அவள் கவனித்து வைத்திருந்தாள்.

மகன் இளவரசன் வேங்கிக்காலில் புதுவீடு கட்டியிருந்தான். தனியார் வங்கியில் வேலை. அம்மாவுக்கென்று கீழ்த்தளத்தில், வாசலை ஒட்டி, ஓர் அறை. பாத்ரூமில் பிடித்துக்கொள்ளக் கம்பிகூடப் போட்டிருந்தான். நல்ல பிள்ளை. அதை அவள் ஒருநாளும் மறுத்ததில்லை.

"பாத்தியாமா, ஒரு படி கிடையாது. வழுக்காத டைல்ஸ்."

அவள் டைல்ஸைப் பார்க்கவில்லை. கட்டிலுக்கு மேலே சுவரில் மாட்டியிருந்த வெள்ளைப் பெட்டியைப் பார்த்தாள்.

"அது இன்னா?"

"காலிங் பெல்லுமா."

"பெல்லு ஏன் என் ரூம்ல அடிக்குது?"

"நாங்க ரெண்டு பேரும் வேலைக்குப் போயிடுவோம்ல. கேஸ் வரும், தண்ணி கேன் வரும், கொரியர் வரும். நீதான இருப்ப." அவன் கள்ளமே இல்லாமல் சொன்னான். கள்ளம் இருந்திருந்தால் அவளுக்குச் சண்டை போடச் சௌகரியமாக இருந்திருக்கும்.

அன்றைக்கே அவள் வீடு தேட ஆரம்பித்தாள். வீடு விற்றதில் அவளுக்கு வந்து வங்கியில் கிடந்த பங்கின் வட்டி ஒரு சின்ன வாடகைக்குப் போதும். ஆனால் வயதான ஒற்றைப் பெண்ணுக்கு வீடு கொடுக்க ஊரில் ஆளில்லை. சிலர் மழுப்பினார்கள். ஒரு வீட்டுக்கார அம்மாள் மட்டும் உள்ளதைச் சொன்னாள்: "தப்பா எடுத்துக்காதீங்க. அடைப்பு நட்சத்திரத்துல ஏதாவது ஆயிட்டா ரூமை மாசக்கணக்கா பூட்டிப் போடணும். வாடகைக்கு விட்ட வீட்டுல அது தோதுப்படாது." இன்ன நட்சத்திரத்தில் சாகமாட்டேன் என்று எழுதிக் கொடுக்க முடியாத காரணத்தால் சந்திரகலா அங்கிருந்து கிளம்பினாள்.

கிளம்பியவள் யோசித்தாள். அந்த வழக்கம் இல்லாத வீட்டுக்காரராகப் பார்த்தால் தீர்ந்தது. இப்படித்தான் அவள் சின்னக்கடைத் தெருவுக்குப் பின்னால் ஒரு சந்தில் மெத்தைக் கடை வைத்திருந்த குலாம் ரசூலிடம் போய் நின்றாள். கட்டடம் அவருடையது. கீழே கடை, முதல் மாடியில் சரக்கு, இரண்டாம் மாடியில் ஒரு குடும்பம். மூன்றாம் மாடி காலி. வந்து பார்க்கிறவர்கள் பாதியிலேயே திரும்பிவிடுவதால் நெடுநாளாகக் காலி.

"மேல்மாடி உங்களுக்காமா?"

"எனக்குத்தான் பாய்."

"லிஃப்ட் இல்லியே."

"படிக்கிட்ட லிஃப்ட் ரூம்னு எழுதியிருக்குதே?"

"ரூம் இருக்குது. கட்டும்போதே விட்டோம். அதுல இப்ப பஞ்சு மூட்டை இருக்குது."

அவள் அடைப்பு விஷயத்தை மறைக்காமல் சொன்னாள். உங்களுக்குத்தான் அது கிடையாதே, அதனால்தான் தேடிவந்தேன் என்றாள். வீடு பார்க்க வந்து தன் சாவிலிருந்து பேச்சை ஆரம்பித்த ஆளை குலாம் ரசூல் அதுவரை கண்டதில்லை.

"எனக்குக் கிடையாதுமா. ரெண்டாம் மாடிக்காரங்களுக்கு இருக்குதே. தலைக்கு மேல அப்படி ஒண்ணு நடந்தா அவங்க காலி பண்ணிட்டுப் போயிடுவாங்க."

"அவங்ககிட்ட சொல்லாதீங்க."

"சொல்லாம? உங்கள ராட்டினத்துல கட்டியா எறக்குவேன்?" அவர் சிரித்துவிட்டார். சிரித்த பிறகு ஒரு மனிதரால் முழுசாக மறுக்க முடிவதில்லை. "ஒண்ணு பண்ணுங்க. உங்க பையன் வந்து எங்கிட்ட சரினு ஒரு வார்த்தை சொல்லட்டும். சாவி தர்றேன். நாளைக்கு எம்மேல பழி வரக்கூடாது பாருங்க."

ஆக, சம்பாதித்து, பிள்ளையைப் படிக்கவைத்து, ஓய்வும் பெற்ற பெண்மணி மாடி ஏறுவதற்கு அந்தப் பிள்ளையின் அனுமதி வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை எல்லோரையும் வீடு பார்க்க வரச் சொன்னாள். அவர்கள் வருவதற்கு வெகுமுன்னாலேயே அவள் மட்டும் போய் ஏறிக்கொண்டாள். ஏறுகிற அழகை யாரும் பார்க்க வேண்டாம் என்பதுதான் திட்டம். நல்ல காலை முதலில் வைத்து, கைப்பிடியை இழுத்து, கெட்ட காலை அதற்குத் துணையாகக் கொண்டுவந்து சேர்ப்பாள். இறங்கும்போது கெட்ட கால் முதலில். பிசியோதெரபி செய்த பெண் சொல்லிக் கொடுத்தது. வலித்தது. முதல் மாடித் திருப்பத்தில் பஞ்சு மூட்டைமேல் சாய்ந்து நின்றாள். வலிக்கிறது என்பது அவளுக்குச் செய்தி இல்லை. தரைவீட்டிலும் அந்தக் கால் வலித்துக்கொண்டுதான் இருந்தது. அங்கே ஒவ்வொரு தட்டலுக்கும் எழுந்து போனதை யாரும் ஏற்றம் என்று எண்ணவில்லை, அவ்வளவுதான்.

மற்றவர்கள் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்கள். முதலில் மருமகள் கீதாஞ்சலி. அரசுப் பள்ளியில் விளையாட்டு ஆசிரியை, ஒருகாலத்தில் மாவட்டக் கபடி அணியில் ஆடியவள், அவளுக்கு மட்டும் இரைக்கவில்லை. பிறகு இளவரசன். கடைசியாக சந்திரகலாவின் அண்ணன் மணி, அரசுப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். வீட்டில் இருந்த ஒரே பிளாஸ்டிக் நாற்காலியில் அவர் போய் விழுந்தார். அது கடையிலிருந்து குலாம் ரசூல் இரவலாக அனுப்பியது.

"இதுல நீ டெய்லி ஏறுவியா?" என்றான் இளவரசன்.

"டெய்லி எதுக்கு ஏறணும்? ஏறினா இருந்துக்குவேன். காய்க்காரருக்கு கூடையை கயித்துல எறக்கினா ஆச்சு."

"உடம்புக்கு ஒண்ணுனா?"

"போன் பண்றேன். வேங்கிக்கால்ல இருந்தாலும் பகல்ல போன்தான பண்ணணும்? நீங்கதான் யாரும் இருக்கமாட்டீங்களே."

கீதாஞ்சலி ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டாள். சிரிப்பை அடக்கியதில் அவள் தோள்கள் லேசாகக் குலுங்கின.

"சொந்தக்காரங்க வந்தா?"

"வேணுங்கறவங்க ஏறுவாங்க. மத்தவங்க கீழ இருந்தே போன்ல விசாரிப்பாங்க. அதுக்குத்தாண்டா இந்த வீடு."

இளவரசனின் முகம் தெளியவில்லை. மாமனைப் பார்த்தான். மணி நாற்காலியை விட்டு எழுந்து, மாடிப்படியின் திருப்பத்துக்குப் போய், இரண்டு கைகளையும் விரித்து இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்கும் வைத்துப் பார்த்தார். பேருந்தை வளைவில் திருப்பிய காலத்துப் பழக்கம். திரும்பி வந்து தொண்டையைக் கனைத்தார்.

"சொல்றேன்னு கோச்சிக்காத. இதுல திரும்பாது."

"இன்னா திரும்பாது?"

"பாடை."

சந்திரகலாவுக்கு ஒருவிதத்தில் நிம்மதியாக இருந்தது. முழங்கால், மூச்சு, காய்கறி என்று இத்தனை நாளும் சுற்றி வந்தவர்கள் கடைசியில் விஷயத்துக்கு வந்து சேர்ந்துவிட்டார்கள். உயிரோடு ஏறுவதில் அவர்களுக்கு அவ்வளவு ஆட்சேபம் இல்லை. இறங்குவதுதான் பிரச்சினை.

"மாமா, அம்மா முன்னாடி போய்..." என்றான் இளவரசன். ஆனால் மறுக்கவில்லை.

"நீயும் அதத்தான நெனச்ச?" என்றாள் சந்திரகலா. அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் நேராக வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். புடவையை இழுத்துக் காலைப் போர்த்திக்கொண்டாள். "நம்ம பக்கம் பொணத்தை உக்கார வச்சுதான எடுப்போம்? எதுக்குணா படுக்க வச்சு அளந்துட்டு இருக்க? தூக்குங்க."

"மா, சும்மா இரு."

"செத்தவ சும்மாதான் இருப்பா. நீ தூக்கு. திரும்பலன்னா நான் வேங்கிக்காலுக்கே வந்துடறேன். பெல் அடிச்சா போய்த் திறக்கறேன். திரும்பிச்சுன்னா நீ கீழ போய் பாய்கிட்ட சரினு சொல்லணும்."

விளையாட்டாகச் சொல்கிறாள் என்று அவன் நினைத்தான். அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கீதாஞ்சலிதான் முதலில் அசைந்தாள். "அத்த சொல்றாங்கல்ல. நான் கீழ்ப்பக்கம் பிடிக்கறேன், நீங்க மேல பிடிங்க" என்று துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டாள். சுமையெல்லாம் கீழே நிற்பவர்மேல்தான் இறங்கும் என்பது அவளுக்குத் தெரியும். இளவரசனுக்குத் தெரியாது; பெண்டாட்டிக்குச் சுலபமான பக்கத்தை விட்டுக்கொடுத்ததாக எண்ணிக்கொண்டான்.

மணி முன்னால் போனார். "ஓரம், ஓரம். லெஃப்ட்ல ஒடி. வரலாம் வரலாம்." திருப்பத்தில் நாற்காலியின் கால் சுவரில் உரசியது. கீதாஞ்சலி அதைச் சற்றே உயர்த்திக் கைப்பிடிக்கு மேலாகக் கொண்டுபோனாள். நாற்காலி திரும்பியது. மணி விரித்த கையை மடக்கிக்கொண்டார்.

இரண்டாம் மாடியில் சத்தம் கேட்டுக் கதவைத் திறந்த பெண், கண்மூடிய ஒரு மூதாட்டியை நாற்காலியோடு இறக்கி வருவதைக் கண்டு அப்படியே கைகூப்பினாள். சந்திரகலா ஒரு கண்ணைத் திறந்தாள்.

"ஒண்ணும் இல்லமா. ஒத்திகை. மேல குடிவரப் போறேன்."

அந்தப் பெண் கூப்பிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் வணக்கமாக மாற்றிக்கொண்டாள். "வாங்க" என்றாள்.

முதல் மாடித் திருப்பத்தில், லிஃப்ட் ரூம் என்று எழுதியிருந்த இடத்துப் பஞ்சு மூட்டைகளுக்கு எதிரே, இளவரசன் நாற்காலியை வைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்தான். தினமும் ஜிம்முக்குப் போகிறவன். வாயைத் திறந்து மூச்சு வாங்கினான். கீதாஞ்சலி வளையலைச் சரிசெய்தபடி நின்றாள். கீழேயிருந்து குலாம் ரசூல் படியேறி வந்து பாதியில் நின்றார்.

"இன்னாச்சுமா? யாருக்கு இன்னா?"

"எனக்குத்தான் பாய். நல்லபடியா எறக்கிட்டாங்க." சந்திரகலா எழுந்தாள். மகனைப் பார்த்தாள். அவன் கண் கலங்கியிருந்தது இரைப்பினாலா வேறு எதனாலா என்று அவளுக்குத் தெரியவில்லை. தோளில் ஒருமுறை கைவைத்துவிட்டு எடுத்துக்கொண்டாள். "சொல்லுடா."

இளவரசன் அம்மாவைப் பார்த்தான், படியைப் பார்த்தான், கடைசியில் குலாம் ரசூலைப் பார்த்தான். "சரி பாய். குடுத்துடுங்க." பிறகு தாங்காமல், "அந்த பெல்ல நான் ஹாலுக்கு மாத்திடறேன்மா" என்றான்.

"மாத்து. அடுத்த ஞாயித்துக்கிழமை வந்து பாக்கறேன். நானா பெல் அடிச்சு வர்றேன். நீ வந்து திற."

அவள் திரும்பி ஏறத் தொடங்கினாள். இந்த முறை ஒளிக்கவில்லை. நல்ல கால், கைப்பிடி, கெட்ட கால். அத்தனை பேரும் கீழே நின்று பார்த்தார்கள். அழகான காட்சி என்று சொல்ல முடியாது. ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவே உலகத்தில் இருக்கிற நேரமெல்லாம் தன்னுடையது என்பதுபோல் நின்று நின்று ஏறினாள். தாங்கிப் பிடிக்க ஓரடி எடுத்து வைத்த இளவரசனை கீதாஞ்சலி சட்டையைப் பிடித்து நிறுத்தினாள்.

"நாற்காலிய மேல கொண்டாரட்டா?" என்று மணி கேட்டார்.

"அங்கயே இருக்கட்டும்ணா. ஏறும்போது பாதியில உக்கார எனக்கு வேணும்."

"அது பொது வழிமா" என்றார் குலாம் ரசூல். சொல்லிவிட்டு, மிச்சப் படியையும் ஏறி வந்து தன்னையறியாமல் அதில் உட்கார்ந்து முழங்காலை நீவிவிட்டுக்கொண்டார். அவரே இந்தப் படியை ஏறி எவ்வளவோ நாளாகியிருந்தது.

"அப்ப எறங்கும்போது?" மணி விடவில்லை.

மேலேயிருந்து அவள் குரல் மட்டும் வந்தது.

"எறங்கும்போதும் அதுலதான். இப்பதான பாத்த."