தீர்ந்துபோன கையெழுத்து

என் அத்தை பதினோரு பேருக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தாள். அந்தக் கணக்கை வைத்திருந்தவன் நான். அத்தைக்கே சரியாகத் தெரியாது. ஏழெட்டுப் பேர் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தாள்.

அத்தை என் அப்பாவின் அக்கா. கணவர் இறந்தபின் அவருடைய மூன்று ஏக்கர் பட்டா அவள் பெயருக்கு வந்திருந்தது. எழுபதுகளின் நடுவில், எங்கள் மலையில், ஜமுனாமரத்தூர் சந்தைத் தெருவில் ஒரு வாடகை வீட்டில் வங்கிக் கிளை திறந்தபோது, உழவு மாட்டுக்குக் கடன் வாங்கினாள். பத்துத் தவணை. பத்தையும் கெடுவுக்கு முன்பே கட்டினாள். எங்கள் ஊரிலிருந்து வங்கிக்கு இரண்டு ஓடை தாண்டி நடக்க வேண்டும். ஓடையில் தண்ணீர் வந்து தேதி தவறிவிடுமோ என்று ஒரு வாரம் முன்னதாகவே புறப்பட்டுவிடுவாள். அந்தப் பயம் எங்கள் குடும்பத்துச் சொத்து. மின்கட்டணத்தை இன்றும் நான் கணக்கெடுத்த மறுநாளே கட்டிவிட்டு, ரசீதை இரண்டு முறை சரிபார்க்கிறேன்.

அப்போதிருந்த மேலாளர், கடன் கேட்டு வந்தவர்களிடமெல்லாம், அந்தம்மா கையெழுத்து இருந்தால் போதும் என்று சொல்லிவிட்டார். வரிசையாக வந்தார்கள். ஆட்டுக்கு ஒருவர், கறவை மாட்டுக்கு நான்கு பேர், தையல் மிஷினுக்கு ஒருவர். அவர்களில் பலருக்கும் பட்டா இருந்தது. ஒருவருக்கொருவர் ஜாமீன் நின்றிருக்கலாம். அத்தை இருக்கும்போது வேறு யாரையும் கேட்க எவருக்கும் தோன்றவில்லை. மாட்டேன் என்று சொல்ல அத்தைக்கும் வரவில்லை.

படிவத்தைப் படித்துச் சொல்ல நான் கூடப் போவேன். ஒவ்வொரு கையெழுத்துக்கும் என் கணக்கு நோட்டின் பின்னட்டையில் ஒரு கோடு போடுவேன். பதினோராவது கோடு விழுந்தபோது எனக்கு வயது பத்து. பள்ளியில் மற்ற பையன்களுக்கு மாமாவின் சைக்கிளும் அண்ணனின் ரேடியோவும் பெருமையாக இருந்தன. எனக்கு அந்தப் பதினோரு கோடுகள்.

அந்த வருடம்தான் அத்தை மறுபடியும் தனக்கென்று ஒரு கடன் கேட்கப் போனாள். சாமை அரைக்கும் மிஷினும், அதை ஓட்ட ஓர் ஆயில் இன்ஜினும். எங்கள் ஊரில் சாமையை உரலில் குத்தித்தான் உமி நீக்க வேண்டும். அம்மா தினமும் விடியுமுன் குத்துவாள். ஒருநாள் உலக்கை விழுவதை எண்ணத் தொடங்கி நானூறோடு விட்டுவிட்டேன். அம்மா விடவில்லை. மிஷின் வந்தால் சுற்றியுள்ள நான்கு ஊர்ப் பெண்களின் தோள் பிழைக்கும். மழை பொய்த்த வருடத்திலும் அத்தைக்குச் சோறு இருக்கும்.

புது மேலாளர் சமவெளிக்காரர், சாந்தமானவர். அத்தையின் பழைய கணக்கைப் புரட்டிப் பார்த்து, "ஒரு தவணைகூட தவறல. நல்லதும்மா" என்று பேனாவைத் திறந்தார். வேறெங்காவது பாக்கி உண்டா என்று கேட்டார்.

"ஒரு பைசா இல்லீங்க."

அது உண்மைதான். ஆனால் அத்தை தன்னைப் பற்றிக் குறைவாகச் சொல்கிறாளே என்று எனக்குப் பொறுக்கவில்லை. "எங்க அத்தை பதினோரு பேருக்கு ஜாமீன் போட்டிருக்காங்க சார்" என்றேன்.

பேனா நின்றது. பெரிய பேரேட்டைக் கொண்டுவரச் சொல்லி, விரலை வைத்துப் பெயர் பெயராகத் தேடினார். ஒன்பதில் நிறுத்திவிட்டார். விட்டுப்போன இரண்டு பேரை நான்தான் எடுத்துக்கொடுத்தேன்.

"இதுல நாலு பேர் கட்டாம போனாலே உங்க மூணு ஏக்கர் போயிடும்மா. அதே நிலத்த நம்பி நான் எப்படி இன்னொரு கடன் தர்றது?"

"எல்லாரும் கட்டிக்கினுதானே கீறாங்க."

"கட்டறாங்க. கட்டி முடிக்கலயே."

அத்தை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். பிறகு, "நான் ஒழுங்கா கட்டினேன்னுதான் பழைய சாரு எங்கையெழுத்த கேட்டாரு. இப்ப அதுவே குத்தமாங்க?" என்றாள்.

அவர் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "குத்தம் இல்லம்மா. உங்க கையெழுத்து தீந்துபோச்சு. அவ்ளோதான்."

திரும்பும் வழியில் அத்தை என்னைத் திட்டவில்லை. "ஊர்ல யார்கிட்டயும் சொல்லாத. அவங்க இன்னா பண்ணுவாங்க, பாவம்" என்று மட்டும் சொன்னாள்.

மிஷின் எப்போது வரும் என்று கேட்ட பெண்களிடம், வராது என்றாள். காரணம் சொல்லவில்லை. பத்து நாளில் ஊரே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டது: அத்தை எங்கேயோ தவணை தவறியிருக்கிறாள். கிணற்றடியில் ஆட்டுக்காரர், அத்தைக்குக் கொழுந்தன் முறை, எல்லோர் எதிரிலும் கேட்டார்: "இன்னா அண்ணி, பேங்க்காரன் உன்னியே நம்பலியாமே? அப்ப எங்கள எப்படி நம்புனான்?"

பெண்கள் சிரித்தார்கள். அத்தையும் சிரித்தாள். தப்பான கணக்கைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எனக்கு அப்போதும் தெரியாது. வீட்டுக்கு ஓடி நோட்டை எடுத்துவந்து பின்னட்டையைக் காட்டினேன். "உங்க பதினோரு பேராலதான் அத்தைக்குத் தரல. மொத கோடு நீங்கதான்."

யாரும் சிரிக்கவில்லை. அத்தை என் தலையில் குட்டினாள். ஒரே குட்டு, ஆனால் நல்ல குட்டு.

அடுத்த சந்தை நாளில் வங்கி திறக்குமுன்பே பதினோரு பேரும் வாசலில் நின்றார்கள். ஆட்டுக்காரர் தையல்காரருக்கு ஜாமீன் நிற்பார், தையல்காரர் அடுத்தவருக்கு, இப்படியே சுற்றி வந்து கடைசி ஆள் ஆட்டுக்காரருக்கு. அண்ணியை விட்டுவிடுங்கள் என்றார்கள். மேலாளர் முதலில் முடியாது என்றார். பிறகு பட்டாக்களைக் கேட்டார். பிறகு, மேலிடத்துக்கு எழுதிப் பார்க்கிறேன் என்றார். பதில் வர இருபத்துமூன்று நாள் ஆயிற்று. அதில் பாதி நாள் நான் சரியாகச் சாப்பிடவில்லை. ஒன்பது பேருக்கு மாற்று ஜாமீனை ஏற்றுக்கொண்டார்கள். பட்டா இல்லாத இருவர் மட்டும் அத்தையின் பேரிலேயே இருந்தார்கள். இரண்டு பேர் பரவாயில்லை என்றார் மேலாளர்.

பதில் கேட்கப் பதினோரு பேரும் எங்களோடு வங்கிக்கு வந்திருந்தார்கள். கடைசியாக அத்தையின் படிவத்தை எடுத்து வைத்து, "சரி, உங்களுக்கு ஜாமீன் யாரும்மா?" என்றார்.

படிவத்தில் இரண்டு பேருக்குத்தான் இடம். மேசையைச் சுற்றிப் பதினோரு பேர் நெருக்கினார்கள். "கீழ எடம் கீதே சார், நாங்க சின்னதா போட்டுக்கறோம்" என்றார் ஒருவர். "உனுக்கு பட்டாவே இல்ல, தள்ளு" என்று அவரை விலக்கிவிட்டு, ஆட்டுக்காரர் கட்டை விரலில் மையைத் தடவிக்கொண்டு, "இப்ப நம்புவான் பாரு அண்ணி" என்றார். தையல்காரர் கையெழுத்தே போட்டார்; எழுத்துக்கூட்டி, முழுப்பெயர். மற்ற ஒன்பது பேரும் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு வெளியே போனார்கள்.

அத்தை இத்தனை நேரமும் பெஞ்சின் ஓரத்தில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தாள். அவர்கள் கையெழுத்துப் போட்டதை அவள் பார்க்கவே இல்லை. வீட்டுக்கு நடந்தபோதும் எங்களுக்கு முன்னால், தனியாகப் போனாள். நான் ஓடிப்போய் முகத்தைப் பார்த்தேன். கண் சிவந்திருந்தது. நோட்டைக் காட்டியதற்காக இன்னும் கோபம் என்று நினைத்து, இனிமேல் கோடு போட மாட்டேன் அத்தே என்று சத்தியம் செய்தேன். அவள் என் தலையைத் தடவிவிட்டு நடந்தாள். கேட்டது கிடைத்த பிறகு ஒருவர் ஏன் அழவேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை.

சித்திரையில் மிஷின் வந்தது. அம்மா விடிந்தபிறகு எழுந்திருக்கக் கற்றுக்கொண்டாள்.

பல வருடம் கழித்து, நான் வீடு கட்டக் கடன் கேட்டபோது, என்னோடு வேலை பார்த்தவர் ஒருவர் எதிரே உட்கார்ந்து எனக்காக ஜாமீன் கையெழுத்துப் போட்டார். சிரித்துப் பேசிக்கொண்டே போட்டார். எத்தனை பக்கத்தில் போட்டார் என்று எனக்குத் தெரியாது. நான் குனிந்து என் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தேன்.