எண்ணெயில் பொரிந்த என் முகப்பூச்சு

எனக்கு நிக்காஹ் பேசிய வருஷம் என் முகத்தில் பரு வராத இடம் மூக்கு நுனி ஒன்றுதான். மாப்பிள்ளையின் உம்மா என்னைப் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பிய அன்று காலையில் அங்கேயும் ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டது. ஊரெல்லாம் இடம் கிடக்க, இதற்கு என் மூக்குதானா கிடைத்தது என்று எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன.

மாமி வந்தார். நல்ல உயரம், வெற்றிலை போட்ட வாய், அதிகம் பேசாதவர். ஒரே விரலால் என் தாடையைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினார். மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்ப்பார்களே, அப்படி ஒரு பார்வை.

"இது போயிருமா?" என்று உம்மாவிடம் கேட்டார்.

எது என்று யாரும் கேட்கவில்லை.

"போயிரும் லாத்தா. நிக்காஹ் அன்னிக்கிப் பாருங்க, மவ முகம் செர்மின் மாதிரி இருக்கும்" என்றார் உம்மா. கண்ணாடியை உம்மா செர்மின் என்றுதான் சொல்வார்.

"பாப்போம்" என்றார் மாமி. அவ்வளவுதான். ஒரு வாய் தேத்தண்ணி குடித்துவிட்டு ரிக்‌ஷா ஏறிப் போய்விட்டார்.

அந்தப் 'பாப்போம்' என் நெஞ்சில் ஏறி உட்கார்ந்துகொண்டது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு மாப்பிள்ளையைப் பிடித்திருந்தது. வாப்பாவின் கடைக்கு எதிரே அவர் குடையை விரிக்கத் தெரியாமல் மழையில் நனைந்துகொண்டு திண்டாடியதை ஜன்னல் இடுக்கு வழியாக ஒரு தடவை பார்த்திருந்தேன். அப்போதே முடிவு செய்துவிட்டேன், இந்தக் குடையை விரித்துக் கொடுக்கப்போகிறவள் நான்தான் என்று. நடுவில் பருக்களும் மாமியும் வந்து நின்றால் கோபம் வராதா?

வாப்பாவுக்குச் சூலியா தெருவில் வாசனைச் சாமான் கடை. அவர் நாகூர்ப் பக்கத்திலிருந்து கப்பலேறி வந்தவர். உம்மா பிறந்தது வளர்ந்தது எல்லாம் பினாங்கு. உம்மாவின் தாயார் மலாய்க்காரர். ஆகவே எங்கள் வீட்டில் வைத்தியம் எப்போதும் இரண்டு வகை, இரண்டும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். உம்மா வெள்ளிக்கிழமைதோறும் தேங்காய்ப்பாலில் லிமாவ் பூரூட் எலுமிச்சையைப் பிழிந்து என் தலையில் தேய்ப்பார். அது காய்வதற்குள் வாப்பா நாகூரிலிருந்து வந்த கரிசலாங்கண்ணித் தைலத்தை எடுத்துக்கொண்டு வந்து நிற்பார். தடுமன் பிடித்தால் ஒருவர் சுக்கைத் தட்டுவார், மற்றவர் எலுமிச்சை மணக்கும் செரைப் புல்லின் தண்டை நசுக்கிக் கொதிக்கவைப்பார். இரண்டையும் குடித்துவிட்டு, எதனால் குணமாயிற்று என்று இருவரிடமும் தனித்தனியாகப் பொய் சொல்வேன். வீட்டில் அமைதி நிலவ வேண்டுமே.

பரு விஷயத்தில் முதல் முறை வாப்பாவுக்குக் கிடைத்தது. ஒரு சிறிய கண்ணாடிக் குப்பியில் சீமைக் களிம்பு கொண்டுவந்தார். மூடியில் ஒரு வெள்ளைக்காரப் பெண் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் ஒரு பரு கூட இல்லை. அவள் அந்தக் களிம்பைப் பூசவில்லை என்பதுதான் காரணமாக இருக்கும் என்று இப்போது தோன்றுகிறது. நான் பூசினேன். பழைய பருக்கள் போகவில்லை. புதியவை சொந்தக்காரர்களை அழைத்துக்கொண்டு வந்தன.

"போதும் லா" என்று குப்பியைப் பிடுங்கி எறிந்த உம்மா, பெரிய மண்ஜாடியைக் கழுவி அரிசியை ஊறவைத்தார். அதுதான் பெடாக் சிஜுக். பினாங்கில் பெண் இருக்கிற மலாய் வீடு எதிலும் இருக்கிற குளிர்ச்சி மாவு. அரிசியைத் தண்ணீரில் போட்டு, தண்ணீரை மாற்றி மாற்றி, வாரக்கணக்கில் ஊறவிட வேண்டும். முதலில் அது நாறும். சாதாரணமாக அல்ல, தெருக்கோடியில் போகிறவர் நின்று திரும்பிப் பார்க்கும்படி நாறும். வாப்பா மூன்று வேளைச் சாப்பாட்டையும் கடையிலேயே வைத்துக்கொண்டார். பிறகு நாற்றம் தானாக அடங்கிவிடும். விரலால் நசுக்கினால் அரிசி வெண்ணெயாகக் கரையும். அதை அரைத்து, துணியில் வடிகட்டி, அடியில் தங்கும் விழுதை வாழை இலைக் கூம்பில் ஊற்றி, சுளகில் விரித்த வெள்ளைத் துணிமேல் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். வாசனைக்குப் பாண்டான் இலையும் மல்லிகையும் பக்கத்தில் தூவி வெயிலில் காயவைத்தால் வெள்ளை வெளேரென்று சின்னச் சின்ன வில்லைகள் கிடைக்கும். இரண்டு வில்லையைத் தண்ணீரில் குழைத்து முகத்தில் தடவினால் அடுப்படிச் சூடு கூடத் தெரியாது.

நாற்றம் அடங்கிய பிறகுதான் எங்கள் மாடி அறைக்கு ஓர் இளம் தம்பதி குடிவந்தார்கள். அவர் துறைமுகத்தில் கணக்கெழுதுபவர். மனைவி நாகப்பட்டினத்திலிருந்து அப்போதுதான் வந்த புதுப்பெண், என்னைவிட மூன்று நான்கு வயது பெரியவர். அக்கா என்று கூப்பிட்டேன். தண்ணீர்மலைக் கோயிலைத் தவிர அவர் இன்னும் ஊரில் எதையும் பார்க்கவில்லை. எங்களிடம் பேசவும் கூச்சம். மாடிப்படியில் பாதி இறங்கி, கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்று, சிரித்துவிட்டு மேலே போய்விடுவார். உம்மா அரிசி விழுதைச் சொட்டுவிட்டபோதும் அப்படித்தான் நின்று பார்த்தார். முகம் மலர்ந்து போயிருந்தது. ஏன் அவ்வளவு சந்தோஷம் என்று அன்று எனக்கு விளங்கவில்லை.

மறுநாளுக்கு மறுநாள் நல்ல வெயில். உம்மாவும் நானும் உறவுக்காரர் வீடுகளுக்கு நிக்காஹ் சொல்லப் புறப்பட்டோம். பின்கட்டு முற்றத்தில் சுளகுகள் காய்ந்துகொண்டிருந்தன. உம்மா படிக்கட்டுப் பக்கம் அண்ணாந்து கத்தினார்:

"பொண்ணு! மழை வந்தா அதை எடுத்து வச்சிரு. வீணாப் போவக்கூடாது, தெரியுமா? கல்யாணத்துக்குள்ளது!"

"நான் பாத்துக்கறேங்க்கா" என்று மேலிருந்து குரல் வந்தது. அவர் எங்களிடம் பேசிய முதல் முழு வாக்கியம் அதுதான்.

பினாங்கு மழைக்குச் சொல்லவா வேண்டும்? பகல் தொழுகைக்குப் பிறகு கொட்டு கொட்டென்று கொட்டியது. ரிக்‌ஷாவின் படுதாவுக்குள் உம்மா முணுமுணுத்தபடியே வந்தார். வீட்டு வாசலில் இன்னொரு ரிக்‌ஷா நின்றது. உள்ளே நுழைந்தால், நடுக்கூடத்தில் மாப்பிள்ளையின் உம்மா உட்கார்ந்திருக்கிறார். கூட இரண்டு பெண்கள். அந்தப் பக்கமாக எங்கோ போனவர்கள், மழைக்கு ஒதுங்கியிருக்கிறார்கள். அவர்கள் முன்னால் தேத்தண்ணியும், ஒரு தட்டு நிறையப் பொன்னிறமாகப் பொரித்த ஏதோ ஒன்றும் இருந்தன. மாடி அக்கா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, முகமெல்லாம் வியர்வையும் பெருமையுமாக நின்றுகொண்டிருந்தார்.

கூடமெல்லாம் பாண்டானும் மல்லிகையும் மணத்தன.

எனக்கு முதலில் புரியவில்லை. உம்மாவுக்குப் புரிந்துவிட்டது. அவர் கை என் கையை நசுக்கியது. அப்போதுதான் முற்றத்தைப் பார்த்தேன். சுளகுகள் கழுவிச் சுவரில் சாத்தப்பட்டிருந்தன. என் முகம், என் நிக்காஹ், உம்மா கொடுத்த வாக்கு, எல்லாம் எண்ணெயில் பொரிந்து தட்டில் கிடந்தன.

"எடுக்கறதுக்குள்ள எல்லாமே நனைஞ்சிருச்சுங்க்கா" என்று அக்கா உம்மாவிடம் ஆசையாகச் சொன்னார். "நனைஞ்ச வடகத்தை வச்சிருந்தா பூஞ்சை பூத்துரும். வீணாப் போவக்கூடாதுன்னு சொன்னீங்கள்ல? அதான் பொரிச்சிட்டேன். உப்பே போடாம விட்டுட்டீங்க, நான் மேல தூவிட்டேன். கொஞ்சம் மிளகாப்பொடியும்."

கல்யாண வீட்டில் கூடிப் போடுகிற கிள்ளு வடகம் என்று நினைத்திருக்கிறார், பாவி! அவர் ஊரில் அரிசி விழுதைத் துணியில் சொட்டுவிட்டு வெயிலில் வைத்தால் அதற்குப் பெயர் வடகம். வேறெதற்கும் யாரும் அந்தப் பாடு படமாட்டார்கள்.

சம்பந்தியிடம் உம்மா என்னவென்று சொல்வது? 'நீங்கள் தின்பது என் மகள் முகத்தில் பூச வேண்டியது' என்றா? மாமி ஒன்றை எடுத்து வாயில் போட்டார். மெல்வதைச் சட்டென்று நிறுத்தினார். தட்டைப் பார்த்தார். சுவரில் சாத்தியிருந்த சுளகைப் பார்த்தார். அக்காவை நிமிர்ந்து பார்த்தார்.

"மொறுமொறுன்னு இருக்கு. இன்னும் கொஞ்சம் இருக்கா?" என்றார்.

அக்கா ஓடிப்போய் இன்னொரு தட்டு கொண்டுவந்தார். மாமி அதையும் தின்று முடித்தார். கூட வந்தவர்கள் எடுக்கப் போனபோது தட்டைத் தம் பக்கம் இழுத்துக்கொண்டார். மழை விட்டதும், "நிக்காஹ்ல பாப்போம்" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுபடியும் அதே பாப்போம்!

வாசல் கதவு மூடியதும் நான் போட்ட சத்தம் சூலியா தெருவுக்கே கேட்டிருக்கும். "அது வடகம் இல்ல அக்கா! என் மூஞ்சிக்குப் போடறது!" அக்கா விழித்தார். உம்மா மெதுவாக விளக்கிச் சொன்னார். விளங்க விளங்க அக்காவின் முகம் சுண்டிப்போனது. மாடிக்கு ஓடினார். மேலே விசும்பல் கேட்டது. என் கோபம் அந்தச் சத்தத்தில் பாதி கரைந்துவிட்டது. மீதியைப் பிடித்து வைத்துக்கொள்ள ரொம்பச் சிரமப்பட்டேன்.

மறுபடி ஊறவைக்கலாமென்றால், அரிசி கரைவதற்குள் நான் மாமியார் வீடு போய்ச் சேர்ந்திருப்பேன். தெரிந்த வீடுகளில் பெடாக் கேட்டால், 'என் மகளுடையதை எண்ணெயில் போட்டுவிட்டோம்' என்று உம்மா சொல்ல வேண்டிவரும். அது மாமி காதுக்குப் போக ஒரு பொழுது போதும். உம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் காலையில் அக்கா படியிறங்கி வந்தார். இந்தத் தடவை பாதியில் நிற்கவில்லை, முழுசாக இறங்கினார். கையில் ஒரு தகர டப்பா. மூடியைச் சுற்றி மெழுகு பூசிய துணி கட்டியிருந்தது. பிரித்ததும் பாசிப்பயறு, கஸ்தூரி மஞ்சள், பூலாங்கிழங்கு, ஆவாரம்பூ, வெட்டிவேர் எல்லாம் கலந்த மணம் எழுந்தது. அவர் அம்மா கையால் அரைத்துக் கப்பலில் கொடுத்தனுப்பிய நலங்குமா. வளைகாப்புக்கென்று வைத்திருந்ததாம்.

"ஊர் நெனப்பு வந்தா தொறந்து மோந்து பாப்பேன், அவ்வளவுதான்" என்றார். "இன்னும் கையே வைக்கல. தங்கச்சிக்குப் பூசலாமா?"

உம்மா மாவை முகர்ந்தார். மஞ்சள் ஒட்டிக்கொண்டு என்னை வெண்டைப்பூ ஆக்கிவிடுமோ என்று அவருக்குப் பயம். "கஸ்தூரி மஞ்சள் ஒட்டாதுங்க்கா" என்று அக்கா தம் கன்னத்தில் பூசிக் கழுவிக் காட்டிய பிறகுதான் ஒப்புக்கொண்டார். வாப்பா கடையிலிருந்து பன்னீர் வந்தது. அன்று முதல் காலையில் விடிந்ததும் அக்கா என்னை முற்றத்தில் உட்காரவைத்துப் பன்னீரில் குழைத்துப் பூசுவார். பூசும்போது பேச்சு வந்தது. எங்கள் வீட்டில் அவர் அவ்வளவு பேசுவார் என்று யாருக்குத் தெரியும்? கப்பலில் வாந்தி எடுத்த கதை, புருஷன் குறட்டை விடும் கதை, மலாய்க்காரக் காய்கறிக்காரரிடம் கைச்சைகையால் பேரம் பேசிய கதை. சிரிக்காதே, மாவு வெடிக்கும் என்பார்; அவரே சிரிக்கவைப்பார். டப்பா அடி தெரிய ஆரம்பித்தபோது எனக்குத்தான் கஷ்டமாக இருந்தது. அவர் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை.

பருக்கள் ஒவ்வொன்றாக அடங்கின. நலங்குமாவாலா, சீமைக் களிம்பை நிறுத்தியதாலா, தினமும் சிரித்ததாலா, எனக்குத் தெரியாது. ஆனால் மூக்கு நுனிப் பரு மட்டும் வாடகைக்கு வந்தவர் காலி செய்ய மறுப்பதுபோல அப்படியே இருந்தது.

நிக்காஹ் அன்று மாலை பெண்கள் கூடத்தில் என்னை உட்காரவைத்தார்கள். தலையில் தேங்காய்ப்பால் மணமும் கரிசலாங்கண்ணி மணமும் சமாதானமாகக் கலந்திருந்தன. அக்கா பூத்தட்டைப் பிடித்துக்கொண்டு நிலைப்படியோரம் நின்றார். மாமி கருகமணி கட்ட வந்தார். முதலில் அதே ஒரு விரல். தாடையைத் தூக்கி விளக்குப் பக்கம் திருப்பினார். என் கண் தானாக மூடிக்கொண்டது.

கழுத்துக்குப் பின்னால் கருகமணியை முடிய அவர் குனிந்தபோது, காதோரம் வெற்றிலை மணத்தோடு குரல் கேட்டது.

"மூக்குல ஒண்ணு இன்னும் இருக்கு. இருக்கட்டும், அழகாத்தான் இருக்கு." முடிச்சை இறுக்கிக்கொண்டே தொடர்ந்தார். "பெடாக்கைப் பொரிச்சா எனக்குத் தின்னக் குடுத்தீங்க?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "மாமிக்குத் தெரியுமா?"

"நானும் பினாங்குல பொறந்தவ லா. வாயில வச்சதுமே தெரிஞ்சிருச்சி."

"அப்பறம் ஏன் ரெண்டாந்தட்டு கேட்டீங்க?"

மாமி நிலைப்படியோரம் நின்ற அக்காவைப் பார்த்தார். "அந்தப் புள்ள ஆசையாக் கொண்டாந்து வச்சிட்டு என் வாயவே பாத்துக்கிட்டு நிக்கிது. ஊருக்குப் புதுசு. நான் துப்பியிருந்தா அது எங்க போயி மூஞ்சிய வச்சிக்கும்?"

கல்யாணப் பெண் தலைகுனிந்து அழுவதைப் பார்த்துக் கூடத்துப் பெண்களெல்லாம் வெட்கம் என்று நினைத்துக்கொண்டார்கள். இந்த மாமியைப் பார்த்தா இவ்வளவு நாளும் பயந்தேன் என்று எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் நிற்கவில்லை.

மாமி தம் முந்தானையால் என் கன்னத்தைத் துடைத்துவிட்டார்.

"அடுத்த தடவ உப்பைக் கொறைச்சிப் போடச் சொல்லு" என்றார்.