மதினி வைத்த ஒத்தடம்

போன வாரம் இந்தப் பக்கத்தில் என்னைக் காணவில்லையே என்று சிலர் கேட்டிருந்தீர்கள். என் அண்ணனின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். அதுதான் காரணம்.

குளோரோபாரம் கொடுத்து அறுத்தார்கள். வெளியே வந்த வெள்ளைக்கார டாக்டர், "உயிருக்கு ஆபத்து இல்லை" என்றார். சந்தோஷப்பட வேண்டிய வார்த்தைதான். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அண்ணன் தாலுகா கச்சேரியில் ஹெட் கிளார்க். பாதத்தில் ஏதோ மதமதப்பு என்று டவுணில் ஒரு வைத்தியசாலைக்குப் போய்க்கொண்டிருந்தார். அங்கே தைலம் தேய்த்து, கெண்டைக்காலிலிருந்து பாதம் வரை பைய நீவிவிடுவார்கள். பிறகு நொச்சி இலையும் தவிடும் வறுத்துத் துணியில் கட்டி ஒத்தடம். எவ்வளவு சூடு என்பதை வைத்தியர் முடிவு செய்வதில்லை. படுத்திருப்பவர்தான் சொல்ல வேண்டும்.

"அண்ணாச்சி, சூடு தெரியுதா?"

"நல்லாத் தெரியுது வே. போதும், போதும்..."

தெரியவே இல்லை! மாதக்கணக்காக அந்தப் பாதத்தில் சூடும் தெரியவில்லை, குளிரும் தெரியவில்லை. முள் குத்தினால்கூடத் தெரியாது. இதை அண்ணன் யாரிடமும் மூச்சு விடவில்லை.

ஏன்? அவர் மகளுக்கு ஆழ்வார்குறிச்சியில் சம்பந்தம் பேசி, வெற்றிலை பாக்கும் மாற்றியாகிவிட்டது. இந்த நேரத்தில் கால் மரத்துப்போச்சு என்று சொன்னால் ஊர் என்ன சொல்லும்? பெருவியாதி, குஷ்டம்! உணர்ச்சி போவதுதான் அதன் அடையாளம் என்று நம் ஊரில் தெரியாதவர் யார்? கல்யாணம் நின்றுபோகும். அப்புறம் பெண் கேட்டு ஒருவரும் படியேற மாட்டார்கள். அண்ணனுக்கே உள்ளூர அந்தச் சந்தேகம் இருந்திருக்கிறது. யாரிடமாவது கேட்டால் ஆமாம் என்றுவிடுவார்களே என்று பயம்... பாவம், தனியாகவே பயந்திருக்கிறார்.

கல்யாண வேலையில் வைத்தியசாலை போக நேரமில்லை. மதினியே வீட்டில் ஒத்தடம் வைத்தார். அடுப்பிலிருந்து இறக்கிய கையோடு, கட்டின் முடிச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டிருக்கிறார்.

"சூடு சாஸ்தியோ? சொல்லுங்க."

"இதமாத்தான் இருக்கு. வையி."

மறுநாள் பாதம் முழுக்கக் கொப்புளம். அதையும் வேட்டியை இறக்கிக் கட்டி மறைத்துக்கொண்டு, பந்தலில் நின்று மாப்பிள்ளை வீட்டாரை வரவேற்றார். நல்லபடியாகத் தாலி ஏறியது. அடுத்த சில நாட்களில் பாதம் கறுத்துப்போனது.

ஆஸ்பத்திரியில் டாக்டரிடம் அண்ணன் கேட்ட முதல் கேள்வி, "பெருவியாதியா?" என்பதுதான்.

"யார் சொன்னது? உமக்கு நீரிழிவு."

நீரிழிவு! வசதியானவர்கள் வெற்றிலை போட்டுக்கொண்டே பெருமையாகச் சொல்லிக்கொள்கிற வியாதி. வியாதியிலும் உயர்வு தாழ்வு பார்க்கிற ஜனங்கள் நாம். அதற்குப் பயந்து ஒரு மனிதர், மறைக்கத் தேவையில்லாத ஒன்றை மறைத்தார்.

"இந்தக் காலைச் சுட்டது யார்?" என்று டாக்டர் கேட்டார்.

"நான்தான்யா. அவுக போதும்னு சொல்லியிருந்தா எடுத்திருப்பேனே..." என்றார் மதினி.

"அவ வைக்கலைங்க. நானே வச்சுக்கிட்டது" என்றார் அண்ணன். அந்த நிலைமையிலும் ஒரு பொய்.

நேற்று சாயங்காலம் பார்க்கப் போயிருந்தேன். அண்ணன் தலையணையைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தார்.

"என்னண்ணே செய்யுது?"

"பாதம் எரியுதுலே. தாங்க முடியல."

"எந்தப் பாதம்?"

"வலதுதாம்லே..."

நான் திகைத்துப் போனேன். எடுத்துவிட்ட காலிலும் இப்படி எரிச்சல் வருவதுண்டு என்று டாக்டர் பிறகு சொன்னார். மதினிக்கு அப்போது அதெல்லாம் தெரியாது. எரிகிறது என்றதுமே பதறிப்போய்க் கட்டிலில் உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டினார். அந்த இடத்தில் போர்வை தட்டையாகக் கிடந்தது.

அண்ணன் இப்போதுதான் உண்மையைச் சொல்கிறார். பிடித்துவிடத்தான் கால் இல்லை.