சாம்பலில் உட்கார்ந்தவரின் மனைவியும் பால்ராஜும்

பால்ராஜ் இறந்துபோன செய்தி என் மனைவி ஸ்டெல்லாவின் போனுக்குத்தான் வந்தது. அவள் அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். எனக்கு முதலில் துக்கம் வரவில்லை. எனக்கு ஏன் யாரும் சொல்லவில்லை என்ற எரிச்சல்தான் வந்தது. லிங்கராஜபுரத்தில் அவருடைய வெள்ளிக்கிழமை வேதபாடத்துக்கு வந்த உங்களிடம் இதை மறைப்பானேன்? பல வருடம் அவர்மேல் எனக்குப் பொறாமை.

இதை நானே எழுதுகிறேன். வைட்ஃபீல்டில் அபார்ட்மெண்ட்களுக்குப் பெயிண்ட் அடித்தே காலம் கழித்த கை இது. எழுபது வயதுக்குமேல்தான் எழுதப் படிக்க வந்தது. மேலே உள்ள பத்திக்கு ஒரு காலைப்பொழுது ஆயிற்று. 'ஸ்டெல்லா' என்ற பெயரை மட்டும் தனித்தாளில் மூன்று தடவை எழுதிப் பார்த்துக்கொண்டேன். அவ்வளவு சந்தோஷம்.

பால்ராஜ் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த வேதப்பகுதியை எடுத்தாலும் முதலில் அதில் உள்ள ஆட்களை எண்ணச் சொல்வார். "பேசறவங்களை மட்டும் எண்ணாதீங்க. கடைசி சீட்டுல சும்மா உட்கார்ந்திருக்கறவங்களும் நம்ம பஸ்லதான் வர்றாங்க" என்பார். பைபிளில் உள்ள ஞான நூல்களில் பெண்கள் வரும் இடங்களில் இதை அவர் விடவே மாட்டார். ஒருமுறை, விடியுமுன் எழுந்து நூல் நூற்று, நிலமும் வாங்கும் நல்ல மனைவியைப் பற்றிப் படித்தோம். எங்கள் வீட்டுக்காரிகளும் இப்படி இருந்தால் என்ன என்று நான் கேட்டேன். "அந்த வீட்டுக்காரர் எங்க இருக்கார் பாருங்கண்ணே. ஊர் வாசல்ல உட்கார்ந்திருக்கார்" என்றார். பெண்கள் சிரித்தார்கள். ஸ்டெல்லா எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தாள். என் பேச்சுக்கு அவள் அப்படிச் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது.

இன்னொரு வெள்ளிக்கிழமை. பிள்ளைகளையும் சொத்தையும் ஒரே நாளில் இழந்து, உடம்பெல்லாம் புண்ணாகிச் சாம்பலில் உட்கார்ந்தவரின் கதை. கடவுளைச் சபித்துவிட்டுச் செத்துப்போகும்படி அவருடைய மனைவி சொல்வாள். அவள் பொல்லாதவள் என்றே பிரசங்கங்களில் கேட்டு வளர்ந்தவன் நான். பால்ராஜ் எண்ணச் சொன்னார். செத்தது பத்துப் பிள்ளைகள். "பத்தையும் பெத்தது யாரு? துக்கம் விசாரிக்க மூணு சிநேகிதர் வந்தாங்க. மூணு பேரும் ஐயா பக்கத்துலதான் உட்கார்ந்தாங்க. அந்தம்மாகிட்ட யாரு போனாங்க?"

ஸ்டெல்லா எல்லார் முன்னாலும் அழுதாள். எங்கள் மகள் மூன்று வயதில் காய்ச்சலில் போனாள். அதன்பின் முப்பத்தெட்டு வருடம் ஸ்டெல்லா என் முன்னால் அழுததில்லை. அன்று ஒரு கண்டக்டர் முன்னால் அழுதாள்.

அவர் கதையைத் திரிக்கிறார் என்று காட்டுவதற்காகத்தான், ஸ்டெல்லாவுக்குத் தெரியாமல் முதியோர் வகுப்பில் சேர்ந்தேன். எழுத்துக் கூட்டி அந்தப் பக்கத்துக்குப் போய்ச் சேர இரண்டு வருடம் ஆனது. அவர் எதையும் திரிக்கவில்லை. கதையில் அந்த மனைவிக்கு ஒரே ஒரு பேச்சுதான் இருந்தது. பைத்தியம்போலப் பேசாதே என்பதுதான் புருஷனின் பதில். அந்த வரியை என்னால் தாண்ட முடியவில்லை. மகளை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று, இனி எதற்கு ஜெபம் என்று கேட்ட ஸ்டெல்லாவிடம் நானும் அதையே சொல்லியிருந்தேன்.

ஆஸ்பத்திரியில் கிடந்த பால்ராஜிடம் போய் அந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டினேன். மூச்சு வாங்கியபடியே முழுவதும் கேட்டார். பாராட்டுவார் என்று காத்திருந்தேன்.

"எங்கிட்ட எதுக்குண்ணே வாசிக்கிறீங்க? இதைக் கேக்க வேண்டியவங்க வீட்டுல இருக்காங்க" என்றார்.

அப்போதும் எனக்குக் கோபம்தான். இதையும் இவரேதான் சொல்ல வேண்டுமா?

அன்று சாயங்காலம் ஸ்டெல்லாவுக்கு வாசித்தேன். நான் வாசித்து அவள் கேட்பது அதுதான் முதல் தடவை. புருஷனின் பதில் வந்ததும் நிறுத்தி, "இது நான் உனக்குச் சொன்னது. சொல்லியிருக்கக் கூடாது" என்றேன்.

"அடக்கத்தன்னிக்குப் போட்டுவிட்டோமே, அந்தப் பச்சை ஃபிராக் அவளுக்குப் பிடிக்காதுங்க. அன்னிக்கு வேற எதுவும் துவைச்சு வைக்கலை" என்றாள். பிறகு அழுதாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

பால்ராஜ் போய் ஒன்பது நாள் ஆகிறது. பொறாமை இன்னும் போகவில்லை. அவளுடைய துக்கத்தை முதலில் கேட்டவர் அவர். கேட்டிருக்க வேண்டியவன் நான். அவரால் எனக்குக் கிடைத்தது ஒன்று உண்டு. சாயங்காலங்களில் நான் ஓர் அதிகாரம் வாசிக்கிறேன். தடுக்கினால் ஸ்டெல்லா திருத்துவதில்லை, காத்திருக்கிறாள். நடுவில் எங்கள் மகளைப் பற்றி ஏதாவது சொல்கிறாள். விரலை வரியில் வைத்துக்கொண்டு நான் கேட்கிறேன்.